நைஜல் இருக்கும் பக்கம்

ஈப்போவில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்லக் கூடாது என்பது அந்த அலுவலகத்தின் முதல் விதி. பழைய டவுனில் ஒரு கோப்பிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருக்கிறது. இதை நான் வெளியிட்டதாக யாரும் புகார் கொடுக்க வேண்டாம். கீழே கோப்பி கலக்கும் சீனரிடம் கேட்டால், "ரஹ்சியா ஆபீஸா?" என்று ரகசியத்தை மலாயில் சொல்லிக் கரண்டியாலேயே மேலே காட்டிவிடுவார்.

அலுவலகத்தின் முழுப்பெயர் தோட்ட நினைவிடப் பாதுகாப்பு வாரியம். பெயர்ப்பலகை கிடையாது. பழைய ரப்பர் தோட்டங்கள் விற்கப்பட்டு அங்கே வீடமைப்பு வரும்போது, தோட்டத்துச் சுடுகாட்டிலும் கல்லறையிலும் இருப்பவர்களை வேறு இடத்துக்கு மாற்றுவது வாரியத்தின் வேலை. மாற்றிய இடத்தை யாருக்கும் சொல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய வேலை. முதல் வேலையை ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். இரண்டாவது வேலைக்குத்தான் இத்தனை அதிகாரிகள், இத்தனை மேசைகள், ஆண்டு விழா எல்லாம்.

அந்தோணிமுத்து குனோங் ராபாட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஈப்போவின் சந்துபொந்தெல்லாம் அவருக்குத் தெரியும். சத்தமாகப் பேசத் தெரியாது. அவரும் அவர் மனைவி எல்ஸியும் லகாட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கிளென்மார் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். சனங்களின் வாயில் அது கிளிமார் தோட்டம். அவர்களுடைய முதல் பிள்ளை நைஜல், தவழத் தொடங்கிய மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். கிறிஸ்தவர்களுக்கென்று ஒதுக்கிய மூலையில் அவனைப் புதைத்தார்கள். பள்ளமான மூலை அது. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். எல்ஸி எங்கிருந்தோ செங்கல் பொறுக்கி வந்து, அந்தச் சின்னக் குழியைச் சுற்றி வரப்பு மாதிரி அடுக்கி வைத்திருந்தாள்.

தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த பிறகும் ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளன்று அவர்கள் அங்கே போனார்கள். எல்ஸி சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிப்பாள். அந்தோணிமுத்து புல் வெட்டுவார். மெழுகுவத்தி ஏற்றி, அது எரிந்து முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பேச எதுவும் இருக்காது. பேச்சு வருவதற்கு முன்பே அவன் போய்விட்டதால் அவர்களுக்கும் அங்கே பேச்சு வராது.

பிறகு ஒரு வருடம், கிளென்மார் தோட்டத்தின் பழைய குடும்பங்களுக்கெல்லாம் வாரியம் இலவசச் சுற்றுலா ஏற்பாடு செய்தது. குளுகுளு பஸ், லூமுட் கடற்கரை, பிரியாணி, பாட்டுக் கச்சேரி. வாரியம் என்று ஒன்று இருப்பதே அன்றுதான் பலருக்குத் தெரியும். நம்மையும் ஒருத்தர் நினைத்துப் பார்க்கிறாரே என்று சனங்கள் மனம் குளிர்ந்தார்கள். அதிர்ஷ்டக் குலுக்கலில் எல்ஸிக்கு ஒரு ரைஸ் குக்கர் விழுந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

அவர்கள் லூமுட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே தோண்டி முடித்துவிட்டார்கள்.

நவம்பரில் சுண்ணாம்பு வாளியோடு போனபோது தகர வேலி போட்டிருந்தது. வேலிக்கு உள்ளே அஸ்திவாரக் குழிகள் தெரிந்தன. காவலுக்கு இருந்த நேப்பாளிப் பையன் அவர்களைப் பார்த்துப் பரிதாபமாகக் கையை விரித்தான். எல்ஸி வேலி ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் ரைஸ் குக்கரைப் பழைய துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் சோறு அடுப்பில்தான் வெந்தது.

"எங்க கொண்டுபோய் வச்சாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க," என்றாள். "வேற ஒண்ணும் கேக்க வேணாம். சண்ட போட வேணாம்."

அந்தோணிமுத்துவைச் சண்டை போட வேண்டாம் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

*

மூன்றாவது மாடியில் நாற்காலிகள் எல்லாம் சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. காத்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தோணிமுத்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சுவரில் ஊர்ந்த பல்லியோடு பாதிக் காலையைக் கழித்தார். பிறகு முகப்பில் இருந்த தினேஸ்வரி என்ற பெண் விரலை அசைத்துக் கூப்பிட்டாள்.

"வாங்க அங்கிள். மெதுவா பேசுங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் பல்லு டாக்டரு இருக்காரு."

"எங்க மவன் குழிய எங்க மாத்தினாங்கன்னு கேக்க வந்தேம்மா. கிளிமார் தோட்டம்."

தினேஸ்வரி கண்ணை மூடித் திறந்தாள். "அங்கிள், அந்தத் தோட்டம் பேர நீங்க சொல்லல. நான் கேக்கல. சரியா?"

"சரிம்மா."

"நீங்கதான் அப்பான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தோணிமுத்து பையைத் திறந்து பிறப்புச் சான்றிதழை எடுத்தார். அவள் சூடு பட்டவள்போல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"காகிதம்லாம் வாங்க மாட்டோம் அங்கிள். இந்த ஆபீஸ்ல காகிதமே கிடையாது. காகிதம்தானே ஒரு விசயத்த வெளிய கொண்டுபோவுது. நீங்க நேரா போயி, இதுதான் எங்க குழின்னு அடையாளம் காட்டணும். அப்பதான் நீங்க சொந்தக்காரர்னு உறுதியாவும்."

"போலாம்மா. எங்க போகணும்?"

"அத நான் சொல்ல முடியாது அங்கிள். சொந்தக்காரர்னு உறுதியானவங்களுக்கு மட்டும்தான் சொல்லுவோம்."

அந்தோணிமுத்து படி இறங்கும்போது இதை யோசித்துப் பார்த்தார். எங்கேயோ இடிப்பது தெரிந்தது. எந்த இடத்தில் இடிக்கிறது என்று விரல் வைத்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"நீங்க என்னா சொன்னீங்க?" என்று எல்ஸி கேட்டாள்.

"நன்றின்னு சொல்லிட்டு வந்தேன்."

எல்ஸி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். அந்தப் பார்வைதான் அவரை மறுபடி மறுபடி அந்தப் படிகளில் ஏற வைத்தது. அவர் விடாமல் போனதால், வாரியம் கடைசியில் அவரை மறைகாப்புப் பிரிவின் தலைவர் மகேந்திரனிடம் அனுப்பியது. அவர் சண்டை போட்டிருந்தால் உடனே வெளியே தள்ளியிருப்பார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஆளை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

மகேந்திரனின் அறையில் கனமான திரை தொங்கியது. மின்விசிறிக் காற்றில் அது விலகியபோது பின்னால் ஜன்னல் இல்லை, வெறும் சுவர்தான் இருந்தது.

"உக்காருங்கண்ணே. உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா எதுக்கு மறைக்கிறோம்னு நீங்க புரிஞ்சிக்கணும். நாலு நம்பர் எடுக்கிறவனுங்கள உங்களுக்குத் தெரியும்லா?"

தெரியாமல் என்ன. வாராவாரம் நான்கு இலக்க லாட்டரிக்கு எண் தேடி மரத்தைச் சுரண்டுவார்கள், பாம்புப் புற்றில் முட்டை வைப்பார்கள், விபத்தில் நொறுங்கிய காரின் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். எதுவும் கிடைக்காவிட்டால் சுடுகாட்டுக்குப் போய்ச் செத்தவர்களிடம் கேட்பார்கள்.

"ஒரு தோட்டத்துல குழிய மாத்தினத பேப்பர்ல போட்டோம். பாரிட் புந்தார்ல இருந்து பஸ் பிடிச்சு வந்துட்டானுங்க. பாம்பு கடிச்சு செத்த ஒரு அக்கா குழி மேல கோழி, பீரு, ஊதுவத்தி. நம்பர் வரலன்னதும் அந்த அக்காவ வாய்க்கு வந்தபடி திட்டுறானுங்க. செத்தும் நிம்மதி இல்ல. அன்னைக்கு முடிவு எடுத்தோம், இனிமே யாருக்கும் தெரியக் கூடாது."

"நாங்க நம்பர் கேக்க மாட்டோம்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." மகேந்திரன் முன்னால் சாய்ந்தார். அவர் குரலில் தொழில்காரனின் பெருமை வந்தது. "எப்படி செஞ்சோம்னு கேளுங்க. தோண்டினது ஒரு குத்தகைக்காரன். அது எங்க போவுதுன்னு அவனுக்குத் தெரியாது. லாரில கொண்டுபோனது இன்னொருத்தன். பெட்டியில என்னா இருக்குன்னு அவனுக்குத் தெரியாது, பாதி வழியில ஆள மாத்திட்டோம். பொதைச்சது மூணாவது ஆளு. யாரப் பொதைக்கிறோம்னு அவனுக்குத் தெரியாது. வேலை முடிஞ்சதும் ஊருக்கே அனுப்பிட்டோம். எங்கயும் கல்லு இல்ல, பேரு இல்ல. புல்லு போட்டுட்டோம்."

"அப்ப யாருக்குதான் தெரியும்?"

"ஒரே ஒருத்தருக்கு."

"யாருங்க அது?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்க ஆசைப்பட்டேன்னு வெளிய தெரிஞ்சாலே என்னை வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

அவர் இதைச் சொன்னபோது முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. தனக்கு எதுவும் தெரியாது என்று இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லிச் சம்பளம் வாங்குகிற மனிதரை அந்தோணிமுத்து அதுவரை பார்த்ததில்லை.

ஒரே ஒரு வழி இருப்பதாக மகேந்திரன் சொன்னார். நல்ல நடத்தையுள்ள குடும்பத்தலைவர்களை வாரியம் எப்போதாவது 'நம்பகர்' என்று ஏற்றுக்கொள்ளும். அடுத்த மாதம் ஆண்டு விழா. அங்கே சத்தியம் செய்துகொடுத்தால் தலைவரே காதோடு சொல்வார்; அவருக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

*

ஆண்டு விழா மண்டபத்தின் வாசலில் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். என்ன விழா என்று தெரியாதிருக்க அதன் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. 'வருக வருக' மட்டும் வெளியே தெரிந்தது. தலைவர் வரத் தாமதமானதால் குத்துவிளக்கு இரண்டு முறை அணைந்து எண்ணெய் ஊற்றப்பட்டது. எல்ஸி தேவாலயத்துக்குக் கட்டும் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கைப்பையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு இடம் தெரிந்துவிடும் என்பதால் பைக்குள் ஒரு மெழுகுவத்தி வைத்திருந்தாள். விழா முடிந்து நேரே போய்விடலாம் என்பது அவள் கணக்கு.

மேடையில் மறைந்த முன்னாள் தலைவர் டத்தோ பத்துமலையின் படம் மாலையோடு இருந்தது. இந்நாள் தலைவர் டத்தோ கனகராஜ் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"பேரன்புமிக்க பெரியோர்களே, தாய்மார்களே. விதை மண்ணுக்குள் மறைந்திருக்கிறது. வேர் மறைந்திருக்கிறது. ஏன், இறைவனே மறைந்துதான் இருக்கிறான். மறைந்திருப்பதில் நமது வாரியம் இறைவனுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல்.

"சிலர் கேட்கிறார்கள், எங்கள் முன்னோரை எங்கே வைத்தீர்கள் என்று. நான் திருப்பிக் கேட்கிறேன், தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? போய் அழுவீர்கள். அழுகிறவன் அடுத்து என்ன செய்வான்? ஏன் மாற்றினாய் என்று கேட்பான். யாரைக் கேட்டு மாற்றினாய் என்று கேட்பான். நிலத்தை யார் விற்றார், யார் வாங்கினார் என்று கேட்பான். ஒரு சமுதாயத்தின் நிம்மதி எப்படியெல்லாம் கெடுகிறது பாருங்கள். தன்னுடையது எங்கே போனது என்று தெரியாத சமுதாயம்தான் அமைதியான சமுதாயம். அந்த அமைதியை உங்களுக்கு நாங்கள் முற்றிலும் இலவசமாக வழங்கியிருக்கிறோம். பிரியாணியோடு."

இன்னும் பலத்த கைதட்டல். பிரியாணி என்றதும் பின்வரிசையிலிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அது பேச்சில் வந்த பிரியாணி என்று சொல்லி அவர்களை உட்கார வைத்தார்கள்.

"நம் முன்னாள் தலைவர் டத்தோ பத்துமலையை இங்கே நினைவுகூர வேண்டும். எல்லா இடங்களையும் தன் நெஞ்சில் மட்டுமே வைத்திருந்த மாமனிதர். கடைசி நாளில், மருத்துவமனைப் படுக்கையில், மூச்சுக் குழாயைத் தானே கழற்றிவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாங்கள் பக்கத்தில்தான் இருந்தோம். உடல் தளர்ந்த நேரத்தில் அந்தப் பெருமகன் தன் சத்தியத்திலிருந்து தவறிவிடக் கூடாதே என்று, நானே என் கையால் அவர் வாயைப் பொத்தினேன். சொல்லாமலே போனார். இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும்?"

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. எல்லோரும் தட்டியதால் அந்தோணிமுத்துவும் தட்டினார். எல்ஸி தட்டவில்லை.

"அவரு என்னா சொல்ல வந்திருப்பாரு?" என்று மெல்லக் கேட்டாள்.

அடுத்து, சிறந்த மறைகாப்பாளர் விருது. பெற்றவர் பெயரை அறிவித்தால் விருதின் நோக்கமே கெட்டுவிடும் என்பதால், மேடையில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு அதற்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நாற்காலியோடு நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு மகேந்திரன் வந்து அந்தோணிமுத்துவை மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறைக்கு அழைத்துப் போனார். எல்ஸியை வெளியே நிறுத்திவிட்டார்.

"சத்தியம் எதுல பண்ணுவீங்கண்ணே?"

அந்தோணிமுத்து சட்டைப் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தார்.

"தலைவர் சொல்றத யாருக்கும் சொல்லக் கூடாது. சம்சாரத்துக்கும் சொல்லக் கூடாது. உங்க கோயில்ல பாதருகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணுவீங்களே, அங்கயும் சொல்லக் கூடாது."

"பாதரு வெளிய சொல்ல மாட்டாருங்க."

"அவங்களுக்கு எங்க அளவுக்குப் பயிற்சி கிடையாதுண்ணே."

அந்தோணிமுத்து சத்தியம் செய்தார். எல்ஸிக்குச் சொல்லாமல் எப்படி என்ற கேள்வி அவருக்குள் எழத்தான் செய்தது. தெரிந்தால் போதும், கையைப் பிடித்து அழைத்துப் போய் அங்கே நிறுத்திவிடலாம், வாயால் சொன்னால்தானே குற்றம் என்று அவர் மனத்துக்குள் ஒரு சந்து கண்டுபிடித்து வைத்திருந்தார். வேன் ஓட்டுகிறவர் அல்லவா.

மகேந்திரன் வெளியே போனதும் கனகராஜ் உள்ளே வந்து கதவைத் தாழிட்டார். கழுத்து மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். மேடையில் இருந்த ஆள் அந்த மாலையோடு போய்விட்டதுபோல் இருந்தது. களைத்த, வயசான ஒரு தோட்டத்துக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்தோணி, உங்கள நம்பி சொல்றேன். தெரியாது."

"எதுங்க டத்தோ?"

"யாருக்கும் தெரியாது. அதான் ரகசியம்."

அந்தோணிமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. இது இன்னொரு சோதனை, இதற்கும் சரியான பதில் ஒன்று இருக்கும் என்று நினைத்து நின்றார்.

"பத்துமலைக்கு மட்டும்தான் தெரியும். அவரு வாயத்தான் நாங்க பொத்திட்டோமே. பொத்தின கையோட அவரு போயிட்டாரு. அப்புறம்தான் எனக்கே உறைச்சுது. தேடிப் பாத்தோம். எங்க பாத்தாலும் புல்லுதான். நாங்களே போட்ட புல்லு."

"அப்ப எங்க நைஜல்?"

கனகராஜ் ஒப்பனைக் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். "எங்க அம்மாவும் கிளிமார்தான். மேட்டுப் பக்கம், முருங்க மரத்துக்குக் கீழ. செல்லாயின்னு பேரு, நீங்க சின்னப் பையனா பாத்திருப்பீங்க. அவருக்கு அடுத்த எடத்துல இருந்தவன் நான், நானே போயி பத்துமலைகிட்ட கேட்டா மத்தவங்க என்னா நெனப்பாங்கன்னு கேக்காமலே விட்டுட்டேன்."

அந்தோணிமுத்துவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அந்த மாலையை எடுத்துக் கிழித்தெறிய வேண்டும்போல் இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவர் சத்தம் போட வாய் திறந்தார். கனகராஜ் பதறி எழுந்து அவர் வாயைப் பொத்தினார். அந்த விஷயத்தில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

"சத்தியம் பண்ணிருக்கீங்க. இப்ப நீங்களும் எங்கள்ல ஒருத்தரு," என்றார். மாலையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "சாப்ட்டுட்டுப் போங்க."

*

வேனில் வரும்போது எல்ஸி ஒன்றும் கேட்கவில்லை. சாலைச் சந்திப்பின் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று பார்த்தாள். அது வீட்டுக்கே வந்தது. அடுப்பங்கரையில் கைப்பையை வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"சொன்னாங்களா?"

அந்தோணிமுத்து தண்ணீர் குடித்தார். தெரியாது என்று சொல்லிவிட அவருக்கு எவ்வளவோ ஆசை. ஜெபமாலைக்குப் பயந்துதான் சொல்லவில்லை என்று அவர் பிற்பாடு தன்னிடமே சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் பயந்தது எல்ஸியின் முகத்துக்கு. தெரியாது என்ற ஒரு சொல் அந்த முகத்தை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். ரகசியத்தால் மனிதனுக்கு என்ன பயன் என்று அவருக்கு விளங்கியது அந்த நிமிடத்தில்தான். இத்தனை பேர் சேர்ந்து வாரியம் வைத்துக் காப்பதும் இதே பயத்தைத்தானோ என்னவோ.

"சொன்னாங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க எல்ஸி."

"எனக்கும்மா?"

"ஒனக்கும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நல்ல இடமா?"

"ம்."

"மழ பேஞ்சா தண்ணி நிக்குமா?"

"நிக்காது. மேடுதான்."

"சரி." கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம்னு மட்டும் காட்டுங்க. பக்கம் காட்டினா சத்தியம் போயிராதுலா," என்றாள்.

அந்தோணிமுத்து கையை நேரே முன்னால் நீட்டினார். அங்கே அலமாரி இருந்தது, அதன் மேல் துணி சுற்றிய ரைஸ் குக்கர். அலமாரிக்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் சந்து, சந்துக்கு அப்பால் சுண்ணாம்புக் குன்று. எல்ஸி அவர் விரல் நுனியிலிருந்து பார்வையை இழுத்துக்கொண்டுபோய்க் குன்றில் நிறுத்தினாள்.

அந்த நவம்பரில் எல்ஸி பின்சந்தில் ஒரு செங்கல்லை வைத்துச் சுண்ணாம்பு அடித்தாள். குன்றைப் பார்த்து மெழுகுவத்தி ஏற்றினாள். லகாட்டில் இருக்கும் மாரியம்மா எப்படியோ கேள்விப்பட்டுக் கற்பூரத்தோடு வந்து சேர்ந்தாள். அவள் கணவரும் கிளென்மார் சுடுகாட்டில் இருந்தவர்.

"எங்க வூட்டுக்காரரும் அங்கதானே அந்தோணி?"

"சொல்லக் கூடாதுக்கா."

"சொல்லாதப்பா. நான் கேக்கல. சும்மா நிக்கிறேன்."

அடுத்த நவம்பரில் சந்து நிறைந்துவிட்டது. மெழுகுவத்தியும் கற்பூரமும் ஊதுவத்தியும் ஒன்றாக எரிந்தன. எல்லோரும் குன்றைப் பார்த்து நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சொல்லக் கூடாது என்று சொல்கிற மனிதனுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. நாலு நம்பர்க்காரர்களும் மோப்பம் பிடித்து வந்தார்கள். யாரோ அந்தோணிமுத்துவின் வேன் எண்ணை எடுத்துக் கட்ட, அது ஆறுதல் பரிசில் விழுந்து தொலைத்தது. அதன் பிறகு எல்ஸியின் செங்கல்லுக்கு முன்னால் கோழியும் பீரும் வரத் தொடங்கின. அவள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

அந்தக் கல்லறைத் திருநாள் மாலையில், கூட்டம் சந்தில் நின்றுகொண்டிருந்தபோது, வீட்டின் முன்பக்கம் ஒரு பெரிய கார் வந்து நின்றது. டத்தோ கனகராஜ் இறங்கினார். தடை சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று அந்தோணிமுத்து நினைத்தார். கனகராஜ் அவரை வேனின் மறைவுக்கு இழுத்துப் போனார்.

"அந்தோணி, உண்மைய சொல்லுங்க. பத்துமலை உங்ககிட்ட சொல்லிட்டாரா?"

"என்னாங்க டத்தோ. யாருக்கும் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"நான் சொன்னேன். ஆனா இவ்வளவு சனம் வந்து நிக்குதே. ஒண்ணும் இல்லாமயா நிக்கும்?" அவர் கண் கலங்கியிருந்தது. "இடம் சொல்ல வேணாம். சத்தியத்த மீற வேணாம். அம்மா எந்தப் பக்கம்னு மட்டும் காட்டுங்க."

அந்தோணிமுத்துவுக்கு இந்த ஆளைத் திட்ட வேண்டும் என்று இருந்தது. ஆனால் அந்த முகத்தை அவர் ஏற்கெனவே ஒரு தடவை தன் அடுப்பங்கரையில் எல்ஸியிடம் பார்த்திருந்தார். யோசிக்காமல் கையை நேரே முன்னால் நீட்டினார். அடுப்பங்கரையில் நீட்டிய அதே கைதான். ஆனால் இப்போது அவர் வாசலில், தெருவைப் பார்த்து நின்றிருந்தார். குன்று அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது.

கனகராஜ் தெருப்பக்கம் திரும்பி, எதிர்வீட்டுக் காரையும் அதற்கு மேலே தொங்கிய துணிகளையும் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். உதடு ஏதோ முணுமுணுத்தது. மரியாதைக்குச் சிவப்புச் சிராப்புச் சர்பத் கலந்து எடுத்து வந்த எல்ஸி, தட்டோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று அந்தோணிமுத்து பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு எல்ஸி பின்சந்தில் குந்தி உட்கார்ந்து, சிமெண்டில் ஒட்டியிருந்த மெழுகைக் கத்தியால் சுரண்டினாள். அந்தோணிமுத்து வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"டத்தோவோட அம்மாவும் நம்ம நைஜலும் கிளிமார்ல இருந்து ஒரே நாள்ல போனவங்கதானே?" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"ஆமா."

"ஒரே லாரியிலதானே கொண்டு போயிருப்பாங்க?"

கத்தி கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு மறுபடி சுரண்டத் தொடங்கியது.

"எல்ஸி, நான் என்னா சொல்ல வந்தேன்னா..."

"சொல்லாதீங்க." அவள் எழுந்து, மெழுகு ஒட்டிய ஈரக் கையால் அவர் வாயைப் பொத்தினாள். "யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. மாரியம்மா அக்காகிட்டயும்."

பிறகு காற்றில் அணைந்திருந்த நைஜலின் மெழுகுவத்தியை மறுபடி ஏற்றி, செங்கல்லின் மேல், குன்றைப் பார்த்து வைத்தாள்.